மாஹேபூரில் ஒரு பகல்: மொரிஷியசுக்குப் புதிதாக வந்த ஜோடிகளுக்கு

முதல் தடவை மாஹேபூர் போனபோது நானும் வீட்டுக்காரரும் கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். சந்தை, அருங்காட்சியகம், பிஸ்கட் செய்யும் இடம், தீவு, கண்ணாடிப் படகு, கடற்குளியல், கோயில் என்று ஏழு. மாலை நான்கு மணிக்கு ஐந்தாவதில் நின்றுகொண்டிருந்தோம். எனக்குத் தோள்பட்டை வெயிலில் வெந்துபோயிருந்தது. அவருக்குப் பசி. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அதற்கு மேல் கடைசிப் பஸ்ஸையும் விட்டுவிட்டு, டாக்ஸிக்குக் கொடுத்த காசை இன்றுவரை அவர் சொல்லிக்காட்டுகிறார்.

அதன் பிறகு ஆறேழு தடவை போய்விட்டோம். இப்போது எங்களுக்கு ஒரு கணக்கு பிடிபட்டிருக்கிறது: காலையில் ஊர், மதியத்துக்கு மேல் கடல். கடலிலும் ஒரே ஒரு வேலைதான். தீவுக்குப் போவதா, பவளப்பாறை பார்ப்பதா என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். இரண்டும் வேண்டும் என்று கிளம்பினால் எங்கள் முதல் நாள் மாதிரிதான் ஆகும்.

முதலில் பெயர். வரைபடத்தில் இருக்கும் எழுத்தைப் பார்த்து "மஹேபர்க்" என்று கேட்டால் கண்டக்டர் ஒரு நொடி யோசிப்பார். இங்கே எல்லோரும் பேசுகிற கிரியோல் மொழியில் "மாயேபூர்" என்று சொன்னால் உடனே தலையாட்டுவார். மாஹே த லா பூர்தொனே என்ற பிரெஞ்சு கவர்னரின் பெயரில் வந்த ஊர் இது. 1746இல் நம் சென்னைக் கோட்டையைப் பிடித்தவரும் இதே ஆள்தான். இங்கே கவர்னராக இருந்த காலத்தில் புதுச்சேரியிலிருந்து தமிழ்க் கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் கொண்டுவந்ததும் இவர்தான். தரங்கம்பாடிப் பக்கம் பிறந்த எனக்கு இப்படிப் பழைய துப்பாக்கி வாசனை அடிக்கும் கடற்கரை ஊர்கள் என்றாலே ஒரு பாசம். சேலத்துக்காரரான அவருக்கு அது கொஞ்சமும் கிடையாது. ஆனாலும் இந்த ஊர் அவருக்கும் பிடித்துப்போனது. காரணம் சாப்பாடு, அதற்கு வருகிறேன்.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை போங்கள். சந்தை மற்ற நாட்களிலும் உண்டு என்றாலும் திங்களன்று நடக்கும் பெரிய சந்தைக்காகத்தான் சுற்றுவட்டார மக்கள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை உள்ளவர்கள் ஒரு திங்கள் லீவு போட்டுத்தான் ஆக வேண்டும். அரசு விடுமுறையோடு சேர்ந்து வரும் திங்கள் வேண்டாம். அன்று நீங்கள் பார்க்க வந்த பாதி இடங்கள் பூட்டியிருக்கும், கடற்கரையில் மட்டும் கூட்டம் நிற்க இடமில்லாமல் இருக்கும்.

மாதம் என்று கேட்டால் அக்டோபர், நவம்பரைச் சொல்வேன். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று நேராக இந்தக் கரையில்தான் மோதும். வெயில் அடிக்கும், ஆனால் படகில் நனைந்து நடுங்குவீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை புழுக்கமும் புயல் எச்சரிக்கையும் மாறி மாறி வரும். அந்த மாதங்களில் முதல் நாள் இரவு வானிலைச் செய்தி பார்க்காமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. நம்மில் நிறையப் பேர் காத்ர் போர்ன், வாக்குவா, கியூர்பீப் என்று மேட்டுப் பகுதியில்தான் குடியிருக்கிறோம். காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தால் மழை தூறும். அதைப் பார்த்துப் பயணத்தைத் தள்ளிவைக்காதீர்கள். கியூர்பீப்பில் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, முக்கால் மணி நேரத்தில் மாஹேபூரில் கண் கூசும் வெயிலில் இறங்குவது இங்கே சாதாரணம். மலையில் மேகம் முட்டி நிற்கும், கடற்கரை காய்ந்து கிடக்கும்.

போகிற வழி

கார் இருந்தால் கவலையில்லை, நம் ஊர் மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். ஆனால் திங்கட்கிழமை சந்தைப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடுவது பெரிய பாடு. நாங்கள் மெட்ரோவில் கியூர்பீப் வரை போய் அங்கிருந்து பஸ் பிடிக்கிறோம். போர்ட் லூயியிலிருந்து நேர் பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் டிக்கெட் கண்டக்டரிடம்தான், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய் நோட்டை நீட்டினால் அவர் பார்க்கிற பார்வையே வேறு.

நோட்டு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். நூறு ரூபாயில் இருக்கும் முகமும் ஒரு தமிழருடையதுதான், ரெங்கநாதன் சீனிவாசன் என்ற அரசியல் தலைவர். பஸ்ஸில் போகும்போது ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காட்ட இது நல்ல விஷயம்.

ரோஸ் பெல் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்புதான். விமான நிலையத்தைக் கடந்து கொஞ்ச நேரத்தில் ஊர் வந்துவிடும். எட்டரை மணிக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கு விடியற்காலை ஆறு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அவரை எழுப்புவது உங்கள் சாமர்த்தியம்.

இறங்கியவுடன் ஒரு காரியம் செய்துவிடுங்கள்: திரும்புகிற கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையத்திலேயே கேளுங்கள். தலைநகர்ப் பக்கம் போல இரவு வரை இங்கே பஸ் ஓடாது. மாலை ஆறு, ஆறரையோடு எல்லாம் அடங்கிவிடும். ஐந்து மணிக்கு நிலையத்தில் இருக்க வேண்டும் என்று கைபேசியில் அலாரம் வைத்துவிட்டால் நாள் முழுக்க நிம்மதி.

சந்தையில் வயிறு நிறைய

பஸ் நிலையத்திலிருந்து சந்தை நடக்கிற தூரம்தான். ஒரு பக்கம் துணி, செருப்பு, பிளாஸ்டிக் சாமான். ஒரு பக்கம் காய்கறி. முருங்கைக் கீரை கட்டுக்கட்டாக இருக்கும், இங்கே அதற்கு "ப்ரெத் முரும்" என்று பெயர். காய்கறி வாங்குவதாக இருந்தால் கடைசியில் வாங்குங்கள் என்று சொல்லத் தோன்றும், ஆனால் மாலைக்குள் நல்லதெல்லாம் போய்விடும். எனவே காய்கறியையே மறந்துவிடுங்கள். முழு நாளும் பூசணிக்காய்த் துண்டைச் சுமந்துகொண்டு அலைந்த அனுபவம் எனக்கு உண்டு.

சாப்பிடத்தான் இங்கே வருகிறோம். தள்ளுவண்டியிலும் சின்னப் பெட்டிக்கடைகளிலும் டோல் பூரி கிடைக்கும். கடலைப்பருப்பை வேகவைத்து அரைத்து உள்ளே வைத்து மெல்லிசாகத் தேய்த்த பூரி. நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டு உப்பு போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. எண்ணெயில் பொரிப்பதில்லை, கல்லில் சுடுவது. இரண்டிரண்டாகத்தான் விற்பார்கள். "என் பேர்" என்று கேளுங்கள். ஒரு ஜோடி என்று அர்த்தம். முதல் தடவை கடைக்காரர் "என் பேர்?" என்று கேட்டதும் இவர் தன் பெயரைச் சொல்லிவிட்டார். உள்ளே மொச்சை மாதிரி பெரிய பருப்பு போட்ட குழம்பு, ருகாய் என்ற தக்காளித் தொக்கு, சட்னி எல்லாம் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் தருவார்கள். "பிமா?" என்றால் மிளகாய் வேண்டுமா என்று. வேண்டும் என்று தைரியமாகச் சொல்லலாம், ஆனால் கொஞ்சம் பார்த்து. ஆந்திராக் காரம் சாப்பிட்டவர்களையே இங்கத்து மிளகாய் விழுது தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறது.

பக்கத்திலேயே "கதோ பிமா" இருக்கும். பெயரைக் கேட்டு கேக் என்று நினைக்காதீர்கள், நம் பருப்பு வடையின் தம்பிதான். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசாக உருட்டிப் போடுவார்கள். பாண் ரொட்டியில் வெண்ணெய் தடவி நடுவில் வைத்துச் சாப்பிடுவது இங்கத்து வழக்கம். நெஞ்சு குளிர அலூடா குடியுங்கள்: பால், சப்ஜா விதை, கடற்பாசி, ஐஸ். மதுரை ஜிகர்தண்டா அளவுக்கு வராது என்பது என் கட்சி. சேலத்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊரில் சிரமமே இல்லை. ஆனால் நூடுல்ஸ், சூப் விற்கும் கடைகளில் காய்கறி என்று சொன்னாலும் மீன் சாஸோ இறால் பொடியோ கலந்திருக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல்தான். கோயில், காவடி, சாம்பார், ரசம் எல்லாம் அவர்களிடம் உண்டு. தமிழில் தொடர்ந்து பேசுகிறவர்கள் குறைவு. கொத்தமல்லி விற்கிற ஒரு ஆயா என் பொட்டைப் பார்த்துவிட்டு "வணக்கம்" என்றார். நான் மடமடவென்று தமிழில் கொட்ட ஆரம்பித்ததும் சிரித்துக்கொண்டே கிரியோலுக்கு மாறிவிட்டார். அதில் குறைபட ஒன்றுமில்லை. "போன்சூர்", "கோம்யே?" (எவ்வளவு?), "மெர்சி" மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டால் சந்தையில் போதும்.

பத்து மணிக்கு மேல்: பாலமும் பிஸ்கட்டும்

சந்தையிலிருந்து கடலோரமாக நடந்தால் காவெண்டிஷ் பாலம் வரும். அதன் மேல் நடந்து ஆற்றைத் தாண்டினால் வில் நுவார் பகுதி. அங்கேதான் ரோ குடும்பத்தாரின் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் செய்யும் இடம் இருக்கிறது. 150 ஆண்டுகளுக்கு மேலாக அதே குடும்பம் செய்கிறது. கிழங்கைத் துருவி, பிழிந்து, மாவாக்கி, சூடான தகட்டில் சிறு சதுர அச்சுகளில் போட்டுச் சுடுகிறார்கள். அடுப்புக்குக் கரும்புச் சோகைதான் எரிபொருள். கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, கடைசியில் தேநீரோடு சுடச்சுடப் பிஸ்கட் தருவார்கள். தேங்காய், பட்டை, சோம்பு, சாக்லேட் என்று சுவைகள் உண்டு. வார நாட்களில் மட்டும்தான், அதுவும் மதியத்துக்கு மேல் அடுப்பு அணைந்துவிடலாம். முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

ருசி எப்படி என்றால், கொஞ்சம் வறட்டு ருசிதான். தேநீரில் நனைத்தால் நன்றாக இருக்கிறது. அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குத் தேங்காய் போட்டது பிடிக்கும். ஊருக்குக் கொண்டுபோக ஏற்ற பண்டம், கெடாது.

அருங்காட்சியகம் ஊருக்குத் தெற்கே, ஊருக்குள் நுழையும் சாலையில் மரங்களுக்கு நடுவில் ஒரு பழைய பிரெஞ்சு மாளிகையில் இருக்கிறது. பாலத்துக்கு நேர் எதிர்த்திசை என்பதால் வெயிலில் நடக்காமல் டாக்ஸியோ பஸ்ஸோ பிடிக்கலாம். அருங்காட்சியகம் என்றதும் முகம் சுளிக்கிறவரை இப்படிச் சொல்லி அழைத்துப்போங்கள். 1810 ஆகஸ்டில் எதிரே தெரியும் இந்த விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். கடலில் வழி காட்டும் மிதவைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் இடம் மாற்றிவைக்க, ஆங்கிலேயக் கப்பல்கள் பவளத்திட்டில் ஏறி நின்றுவிட்டன. சிரியஸ், மஜிசியேன் என்ற இரண்டு கப்பல்களை அவற்றில் இருந்தவர்களே தீவைத்து எரித்துவிட்டுத் தப்பினார்கள். இரண்டு பக்கத்துத் தளபதிகளுக்கும் பலத்த காயம். ஒருவருக்குக் கண் போயிற்று, இன்னொருவருக்கு முகத்தில் அடி. இருவரையும் தூக்கிவந்து ஒரே வீட்டில் வைத்துத்தான் வைத்தியம் பார்த்தார்கள். அந்த வீடுதான் இந்த அருங்காட்சியகம். நெப்போலியன் காலப் பிரெஞ்சுக் கடற்படையின் வெற்றிகளில் பாரிஸ் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருப்பது இது ஒன்றுதான். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு கதை.

உள்ளே 1744இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணியைத் தேடிப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும். வாரத்தில் ஒரு நாள் மூடுவார்கள், அதனால் திறந்திருக்கிற நாளை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் விநாயகருக்கும் சீதளா அம்மனுக்கும் ஒரு தமிழ்க் கோயில் உண்டு, கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில். போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். கடலில் குளித்த ஈர உடையோடு மாலையில் போக முடியாது. தோல் செருப்பு, பெல்ட்டை வெளியே வைத்துவிட வேண்டும்.

மதியம்: தீவா, பவளப்பாறையா?

இதுதான் வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டியது.

தீவு என்பது ஈல் ஓ எக்ரெத். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, 26 ஹெக்டேர்தான் மொத்தப் பரப்பு. மனிதர்கள் வந்து கரும்பு நடுவதற்கு முன் இந்தக் கரை எப்படி இருந்தது என்று பார்க்க வேறு இடம் இல்லை. கருங்காலிக் காடு, மெல்ல நகரும் ராட்சத ஆமைகள், இளஞ்சிவப்புப் புறாக்கள். இந்தப் புறா 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்து என்ற நிலைக்கு வந்துவிட்டது. கூண்டில் வளர்த்துக் காட்டில் விட்டுத்தான் மீட்டெடுத்தார்கள். மொரிஷியன் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன் என்ற அமைப்புதான் தீவைப் பார்த்துக்கொள்கிறது. புவாந்த் ஜெரோம் என்ற இடத்திலிருந்து அவர்களுடைய படகில், அவர்களுடைய வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். முன்பதிவு கட்டாயம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் நடக்க வேண்டும், அதனால் மூடிய காலணி போடுங்கள், கொசு மருந்து தடவுங்கள். அங்கே குளிக்கவோ கரையில் படுக்கவோ முடியாது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாந்து திரும்புகிறார்கள்.

பவளப்பாறை என்றால் ப்ளூ பே. மாஹேபூரிலிருந்து பஸ்ஸில் கால் மணி, இருபது நிமிடம். 353 ஹெக்டேர் கடல் முழுவதும் பாதுகாக்கப்பட்ட பூங்கா. நீச்சல் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு ஒரு வரம். என் வீட்டுக்காரர் தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளி நிற்பவர். அந்தப் படகில் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. சூரியன் உச்சியில் இருக்கும்போதுதான் அடிவரை வெளிச்சம் இறங்கும், ஆகவே பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் ஏறிவிடுங்கள். அதற்குப் பிறகு காற்று எழும்பித் தண்ணீர் கலங்கும். ப்ளூ பேதான் உங்கள் தேர்வு என்றால் அருங்காட்சியகத்தையோ பிஸ்கட்டையோ ஒன்றை விட்டுவிட வேண்டியிருக்கும்.

படகுக்காரர்களிடம் ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம், தலைக்கு எவ்வளவு, நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு இறங்கிப் பார்க்க நேரம் உண்டா. ஒருமுறை எங்களிடம் ஒரு மணி நேரம் என்று சொல்லிக் காசு வாங்கிய ஆள் அரை மணியில் கரையில் கொண்டுவந்து விட்டார். வாக்குவாதம் செய்ய எங்கள் கிரியோல் போதவில்லை. அன்றிலிருந்து இறங்கும்போதுதான் காசு. அனுமதி எண் எழுதாத படகில் ஏறுவதும் இல்லை.

குளிக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. தண்ணீருக்குள் போடுகிற ரப்பர் காலணி இல்லாமல் இறங்காதீர்கள். கடல் முள்ளெலியும், கல் மாதிரியே அசையாமல் கிடக்கும் "லாஃப்" என்ற விஷ முள் மீனும் இந்தத் தீவின் கடலில் உண்டு. லாஃப் குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டாவது, வெயில். காற்று சில்லென்று அடிப்பதால் சுடுவதே தெரியாது. முழுக்கைச் சட்டையோடு நீந்துங்கள். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் முதல் நாள் என் தோள் உரிந்தது.

பவளத்துண்டு, சங்கு எதையும் எடுத்து வராதீர்கள், சட்டப்படி குற்றம்.

இந்தக் கரை ஒரு பெரிய அடி வாங்கிய கரை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பக்கத்திலிருக்கும் புவாந்த் தெஸ்னியில் பவளத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கொட்ட ஆரம்பித்தது, ஏறக்குறைய ஆயிரம் டன். மாஹேபூர் கடற்கரையில்தான் ஊர் மக்கள் கூடி உட்கார்ந்து கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து நீளநீளத் தடுப்புகளாகத் தைத்தார்கள். தலைமுடியை வெட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. உங்கள் படகுக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டால் பேசுவார். கேட்காவிட்டால் அவராக எடுக்கமாட்டார்.

பையில் என்ன

இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்றுடை, துண்டு, ரப்பர் காலணி, ஈரத்துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை, சில்லறை. புளிச்சாதம் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. ப்ளூ பே கரையில் சவுக்கு மரத்தடியில் உள்ளூர்க் குடும்பங்களே பிரியாணி அண்டாவோடு உட்கார்ந்திருக்கும். குப்பையை மட்டும் திரும்ப எடுத்துவாருங்கள்.

நாலு மணிக்கு

மாஹேபூருக்குத் திரும்பி புவாந்த் தே ரெகாத் பக்கம் வாருங்கள். 1810 சண்டையில் இறந்த இரு நாட்டு மாலுமிகளுக்கும் ஒரு நினைவுத்தூண் அங்கே உண்டு. எதிரே சிங்கம் படுத்திருப்பது போல ஒரு மலை, லயன் மலை என்றே பெயர், 480 மீட்டர். மீன்பிடிப் படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கும். அன்னாசியைச் செதுக்கிக் காம்போடு கையில் கொடுத்து, மிளகாயும் உப்பும் புளியும் தடவித் தருகிற வண்டி நின்றால் வாங்குங்கள். இரண்டு பேருக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று.

உல்லாசப் படகு, வேறு தீவுச் சுற்றுலா என்று சீட்டை நீட்டிக்கொண்டு சிலர் வருவார்கள். சாயங்கால மயக்கத்தில் அடுத்த வாரத்துக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள், வீட்டுக்குப் போய் விலை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஐந்து மணி அலாரம் அடித்ததும் எழுந்துவிடுங்கள். "ஏங்க, இன்னும் பத்து நிமிஷம்" என்று நான் சொன்ன நாளில்தான் அந்த டாக்ஸி. பஸ்ஸில் முன்பக்கம் இடம் பிடியுங்கள், பின்பக்கம் தூக்கிப் போடும். ஸ்வெட்டரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கியூர்பீப்பில் இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருக்கும்.